பார்க்காமல் வைக்க வேண்டிய நெருப்பு

கண்ணை மூடினால் எனக்கு உடம்பு இருக்காது. அழகுக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். மற்றவர்கள் இருட்டில் மூக்கைச் சொறிந்துகொள்கிறார்கள், அரைத் தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது முடியாது. என் கை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் அதைப் பார்க்க வேண்டும். கால் மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்பதும் பார்த்தால்தான் தெரியும். நிற்கும்போது விளக்கு அணைந்துவிட்டால் அந்த இடத்திலேயே சரிந்து விழுவேன்.

அதனால் பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் எந்த அறையிலும் விளக்கு அணைவதில்லை. திருவையாற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் முதன்முதலாக இன்வெர்ட்டர் வாங்கியவர் என் அப்பாதான். மத்தியானத் தூக்கத்துக்கு ஃபேன் ஓட வேண்டும் என்று வாங்கியதாக ஊரில் நினைத்தார்கள். "பெரிய மிராசு, வேர்க்காம தூங்கணும்" என்று கிண்டல் செய்தார்கள். இப்போது அப்பா இல்லை, அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். எல்லா விளக்கும் எரிகிற வீட்டில் காலி நாற்காலிகள் மிக நன்றாகத் தெரிகின்றன.

நான் நடக்க ஆரம்பித்ததே ரொம்பத் தாமதம். ஆரம்பித்த பிறகும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன், இன்றும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் "என்னடா, காசு தேடுறியா?" என்பார்கள். அடிக்கப் போவேன். அதற்கும் கையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதால், அடி விழுவதற்குள் ஆள் ஓடிவிடுவான். என் கோபம் முக்கால்வாசி அப்படித்தான் வீணாகிப்போனது.

வயலுக்குப் போகும்போது வரப்பில் நான் முன்னால் நடப்பேன், அப்பா பின்னால் வருவார். என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கையை வைத்திருப்பார். அந்தக் கையின் அழுத்தம் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதன் கனம் தெரியாது, விரல்கள் தெரியாது. சூடு மட்டும் தெரியும். கை இன்னும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது, பார்த்தால் சேற்றில் விழுவேன். முதுகில் சூடு இருந்தால் அப்பா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாவின் கை அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

படித்து முடித்துத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியரானேன். பஸ்ஸில் போய்வருவதே ஒரு பெரிய வேலை. மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒருநாள் கூட்டத்தில் கையைப் பார்த்து நன்றாக இறுக்கிப் பிடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆனாலும் விழுந்துவிட்டேன். "சார், நீங்க பாத்துக்கிட்டிருந்தது என் கை சார்" என்றார் பக்கத்தில் நின்றவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

கல்யாணப் பேச்சும் வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். காபி கொடுத்தார்கள். டம்ளரிலிருந்து கண்ணை எடுத்தால் என் பிடி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒன்று நழுவும், இல்லையென்றால் கை தானாக மேலே போய் காபி மடியில் கொட்டும். அதனால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வந்து உட்கார்ந்து, எழுந்தும் போய்விட்டாள். 'மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை, பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணைப் பார்க்கப் போய் டம்ளரைப் பார்த்துவிட்டு வந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

வைத்தியத்துக்குப் போன இடத்திலெல்லாம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊசி போட்டார்கள். சில வருடங்களுக்கு முன்னால்தான் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓர் இளம்பெண் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அதிர்கிற இரும்புக் கவை ஒன்றைக் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"அதிருதா?" என்றார்.

"இன்னும் வைக்கலியே?" என்றேன்.

"வெச்சு ரொம்ப நேரமாச்சு சார்."

பிறகு ஊசி முனையால் குத்தினார். அது வலித்தது. வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் ஐஸையும் வைத்தார். அவையும் நன்றாகத் தெரிந்தன. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஓர் ஆர்வம் வந்திருந்ததைக் கவனித்தேன். ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார்.

அது ஒரு புரதத்தின் படம். மேலிருந்து பார்த்தால் மூன்று இறக்கை வைத்த டேபிள் ஃபேன் மாதிரி இருந்தது. நரம்பு முனையின் சவ்வில் இது பதிந்திருக்கும் என்றார். பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். மூன்று இறக்கைகளும் மேல்நோக்கி வளைந்து, தங்களோடு சவ்வையும் வளைத்து ஒரு கிண்ணம்போல் குழித்திருந்தன. யாராவது தொட்டால், அல்லது நாம் கையை மடக்கித் தசை இழுபட்டால், சவ்வு விறைக்கும். கிண்ணம் தட்டையாகும். இறக்கைகள் படிந்து தாழும்போது நடுவிலுள்ள சின்னத் துளை திறக்கும். அயனிகள் உள்ளே பாயும், நரம்புக்குச் செய்தி போகும். தொடு உணர்வும், கை இங்கே இருக்கிறது கால் இங்கே இருக்கிறது என்ற அறிவும் இந்தத் துளை வழியாகத்தான் வருகின்றன என்றார்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு அயனிக் கால்வாய் என்று பேர். காவிரிப் பாசனத்தில் பிறந்த எனக்கு அந்தப் பேர் எப்போதும் உறுத்தும். கால்வாயில் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருக்கும், இது சும்மா போகவிடாது. எது வந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்பது இதன் அமைப்பிலேயே இருக்கிறது. இது மதகு.

"இவருக்கு மரபணுவுல இந்தப் புரதத்தை எழுதுற இடத்துல ஓர் எழுத்து மாறியிருக்கு. பாதியிலேயே போதும், நிறுத்துன்னு அர்த்தம் வர்ற எழுத்து. நடுவுல இருக்கிற துளை, புரதச் சங்கிலியோட கடைசிப் பகுதியிலதான் வரும். அதுவரைக்கும் போகவே இல்லை" என்றார் டாக்டர்.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சூடு மட்டும் எப்படிம்மா தெரியுது?"

"அதுக்கு வேற புரதம் சார்." இன்னொரு படத்தைத் திறந்தார். இதில் இறக்கையே இல்லை. ஒரே மாதிரி நான்கு துண்டுகள், ஒரு துளையைச் சுற்றி நெருங்கி நின்றன. சூடு பட்டால் இந்த நான்கும் நெகிழ்ந்து நடுவில் வழி விடும். தொட்டால் இதற்கு ஒன்றும் தெரியாது. அதன் உருவம் அதற்கு ஏற்றதில்லை. சூட்டுக்கென்று இதுபோல் சில உண்டு, எல்லாம் இவருக்கு நன்றாக இருக்கின்றன என்றார். மிளகாயின் காரமும் இதே துளையைத்தான் திறக்கிறது, அதனால்தான் காரம் சாப்பிட்டால் எரிகிறது என்றார்.

"அதான் சாம்பார்ல காரம் கூடிப்போச்சுன்னா இந்தக் கத்துக் கத்துறான்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா சார்?"

"அக்கா மக" என்றார் அப்பா.

டாக்டர் மெதுவாக விளக்கினார். மாறிய எழுத்து அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, எனக்கு இரண்டும் வந்து சேர்ந்துவிட்டது. யார்மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனால் டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை அவர் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நெலம் வெளிய போயிடக் கூடாதுன்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்" என்றார்.

"விடுங்கப்பா. இப்ப எதுக்கு அது?"

"எனக்கு நீதான் கொள்ளி வைக்கணும்."

எங்கிருந்து எங்கே தாவுகிறார் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது.

அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். ஒரே பிள்ளை நான். ஆனால் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன். எங்கள் பக்கம் உடலை வறட்டியும் வைக்கோலும் அடுக்கி மூடி, மூட்டம் போட்டு முடித்ததும் பிள்ளை சிதைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் கொண்டுபோய் நெருப்பை வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே நடந்துவிட வேண்டும். பார்க்காத இடத்தில் எனக்குக் கையே இல்லையே, அதை வைத்து என்ன செய்வது? பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவும் அன்றைக்குத் தடுக்கவில்லை. நான் மூங்கில் புதர் ஓரமாக வேடிக்கை பார்க்க வந்தவன்போல நின்றேன். என்னைப் பெற்றவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் அதன் பிறகு என்னை விட்டுப் போனதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த களத்தில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு கட்டு வைக்கோலைப் போட்டு, "இதான் என் தலைன்னு வெச்சுக்க" என்பார். என் கையில் ஒரு வேப்பங்குச்சி. நான் வைக்கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நிற்பதற்காகக் காலைப் பார்த்துக்கொள்ளலாம், கையைப் பார்க்கக் கூடாது.

கையைப் பின்னால் கொண்டுபோவேன். போய்விட்டது என்று நினைப்பேன்.

"வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேம்பா."

"திரும்பிப் பாருடா."

பார்த்தால் குச்சி கையிலேயே இருக்கும், கை கொடிக்கம்பம் மாதிரி தலைக்கு மேலே நிற்கும். இன்னொரு நாள் குச்சி வாய்க்காலில் கிடந்தது. "வாய்க்காலுக்குக் கொள்ளி வெச்சிட்டியே" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கோபத்தில் குச்சியை ஒடித்துப் போட்டேன். "நெருப்பையே வெச்சுக் குடுங்க, கொளுத்திக் காட்டறேன்" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "உயிரோட இருக்கறவனுக்கு யாராச்சும் கொள்ளி காட்டுவாங்களா? வெளையாட்டுக்குக்கூட அத எடுக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரிதான், எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அதனால் நாங்கள் பழகியதெல்லாம் நெருப்பில்லாத குச்சியோடுதான். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. கொஞ்ச நாளில் வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு, "அப்ப பாத்துக்கலாம் போ" என்றார்.

அந்த 'அப்ப' போன வருடம் வந்தது. காவிரியில் தண்ணீர் வந்து, ஊரில் நாற்று விட்டிருந்த நேரம். காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். சித்தப்பா மகன் போன் செய்து, காரை அனுப்பி வரவழைத்தான்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. சூடு இல்லாத அப்பாவின் கை எனக்குக் கையாகவே இல்லை. அப்போதுதான் அழுதேன்.

சித்தப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "தம்பி, ஒன் நெலம எல்லாருக்கும் தெரியும். இவனே வெக்கட்டும். அண்ணிக்கும் இவந்தான் வெச்சான்" என்று தன் மகனைக் காட்டினார்.

"நான்தான் வெப்பேன் சித்தப்பா."

"பாத்து வெக்கக் கூடாதுடா. எங்கயாவது போட்டுட்டியன்னா ஊரே பாக்கும். வேட்டியில புடிச்சிக்கிச்சின்னா என்ன பண்றது?"

சித்தப்பா மகன் நல்ல பையன். "அண்ணே, நீங்க வைங்க. நான் ஒங்க கையப் புடிச்சுக் கொண்டுபோயி வெக்கறேன்" என்றான்.

"நீ புடிச்சது எனக்குத் தெரியாதுடா. நான் வெச்சதும் தெரியாது. அது நீ வெச்சதாத்தான் இருக்கும்." குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "என்னமோ பண்ணு" என்றார். என்னால் முடியும் என்று நானும் நம்பவில்லை. அவர் கேட்டதை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு அந்த விளக்குகளுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

சுடுகாடு குடமுருட்டிக் கரையில். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஈர வேட்டியோடு, சட்டையில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றும்போது சித்தப்பா மகன் குடத்தைத் தாங்கிக்கொண்டான். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வறட்டியும் வைக்கோலும் அடுக்கி மண் பூசிய மூட்டத்தில் தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் வைக்கோல் தெரிந்தது. சடங்கு செய்து வைப்பவர் என்னை அதற்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். எரிகிற கொள்ளிக்கட்டையை என் கையில் கொடுத்தார். அதுவரை கையைப் பார்த்தேன்.

"இனிமே பாக்காதீங்க. அப்படியே பின்னால வைங்க" என்றார்.

கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் அனுப்பினேன். எப்போதும்போல அது இல்லாமல் போனது. களத்தில் நின்ற மாதிரியேதான் இருந்தது, வாய்க்காலில் கிடந்த குச்சி ஞாபகம் வந்தது. சித்தப்பா ஓர் அடி முன்னால் வந்தது கடைக்கண்ணில் தெரிந்தது.

அப்போது இடுப்புக்குப் பின்னால் சுட்டது.

வலப்பக்கம், வேட்டி முடிச்சுக்குக் கொஞ்சம் மேலே. நெருப்பு அங்கே இருக்கிறது என்றால் என் கை அங்கே இருக்கிறது. இது எனக்கு வாழ்நாளில் புதிது. கையை இறக்கு என்று நினைத்தேன். சூடு இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. ஈர வேட்டிக்குள்ளும் தெரிந்தது. முழங்காலைப் பார்த்துக்கொண்டே மடக்கினேன். சூடு கெண்டைக்காலுக்கு வந்தது. தள்ளு என்றேன். காலில் சூடு குறைந்தது, அப்படியானால் கை பின்னால் போயிருக்கிறது. பார்க்காமல் என் கையை நான் பின்தொடர்ந்துபோனது அந்த ஒரு முறைதான். களத்தில் அத்தனை நாள் வராத ஒன்றை அந்த நெருப்பு ஒரே தடவையில் சொல்லிக்கொடுத்தது. படங்களைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கும் சூடு வழிகாட்டும் என்று தோன்றவில்லை, நெருப்பைக் காட்டாத அப்பாவுக்கும் தோன்றவில்லை.

விரல்களை விட்டேனா என்று தெரியாது. விடு, விடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் படபடத்தது.

"புடிச்சிருச்சு" என்றார் சடங்கு செய்பவர். "திரும்பாம போங்க."

சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது அப்போதுதான் கேட்டது. நான் நிமிர்ந்து, காலைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

முதுகில் சூடு இருந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சரியாக அந்த இடத்தில். அழுத்தம் இல்லை, விரல்கள் இல்லை, வெறும் சூடு. வழி நெடுகப் புல்லும் கல்லுமாக இருந்தது, நான் விழவில்லை. கரை ஏறுகிற இடத்தில் ஆற்றுக்காற்று பட்டு முதுகு குளிர்ந்துபோனது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தக் கை இருக்கிறதா என்று நான் எப்போதுமே திரும்பிப் பார்த்ததில்லை.